பிள்ளைகளின் தாடை மூட்டுக் கோளாறு: சத்தத்தைவிட வாய் திறக்கும் அளவே முக்கியம்

காது வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் வீட்டில் முதலில் தேடுவது காதுக்கான சொட்டு மருந்தை. தலை வலிக்கிறது என்றால் கண்ணாடி போட வேண்டுமோ என்ற கவலை வருகிறது. கடைவாய் வலிக்கிறது என்றால் சொத்தைப் பல்லைத் தேடுகிறார்கள். இந்த மூன்று வலிக்கும் காரணம் காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டாகவும் இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

தாடை மூட்டுக் கோளாறு பெரியவர்களுக்கு மட்டும் வருவது என்ற எண்ணம் பரவலாக உண்டு. பால் பல் விழும் வயதுப் பிள்ளைகளுக்கும் இது வரும். இடைநிலைப்பள்ளி வயதில் இன்னும் அதிகமாக வரும். இவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் தணிந்துவிடும். சில மட்டும் கவனிக்காமல் விட்டால் முகத்தின் வளர்ச்சியையே மாற்றிவிடும். எதைப் பொறுத்திருந்து பார்க்கலாம், எதற்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று பிரித்தறிவதுதான் பெற்றோருக்குத் தேவையானது.

மூட்டு எங்கே இருக்கிறது?

காது ஓட்டைக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், விரலுக்கு அடியில் ஏதோ உருள்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை உருண்டையாக இருக்கும். அது மண்டை ஓட்டில் உள்ள ஒரு குழியில் பொருந்தியிருக்கிறது. இரண்டு எலும்பும் உரசாமல் இருக்க நடுவில் சிறிய மெத்தை போன்ற தட்டு ஒன்று உண்டு.

கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதற்கு வலத்தில் ஒரு மூட்டு, இடத்தில் ஒரு மூட்டு. இரண்டும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். வாயைக் கொஞ்சம் திறக்கும்போது உருண்டை குழிக்குள்ளேயே சுழல்கிறது. அகலமாகத் திறக்கும்போது முன்பக்கம் சறுக்கி இறங்குகிறது. பேசுவது, மெல்லுவது, விழுங்குவது, கொட்டாவி விடுவது என நாள் முழுவதும் இந்த மூட்டுக்கு வேலை இருக்கிறது.

பிள்ளைகளிடம் இந்த மூட்டுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. உருண்டையின் மேல் மூடியிருக்கும் குருத்தெலும்பு, கீழ்த்தாடை வளரும் முக்கிய இடங்களில் ஒன்று. பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 16 வயது வரையிலும், ஆண் பிள்ளைகளுக்கு 18 அல்லது அதற்குச் சற்று மேலும் இந்த வளர்ச்சி நடக்கிறது. இந்த வயதில் ஒரு பக்க மூட்டு பாதிக்கப்பட்டால் அந்தப் பக்கத் தாடை பின்தங்கி, மோவாய் அந்தப் பக்கமாகவே சாயும். இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டால் மோவாய் உள்வாங்கி, சிறுத்துப் போகும். பெரியவருக்கு மூட்டு கெட்டால் வலியும் மெல்லுவதில் சிரமமும் வரும். பிள்ளைக்குக் கெட்டால் முக அமைப்பும் சேர்ந்து மாறும்.

காதும் தலையும் ஏன் வலிக்கின்றன?

தாடை மூட்டுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பின் கிளைகளே காதின் முன்பகுதிக்கும் நெற்றிப் பொட்டுக்கும் போகின்றன. அதனால் மூட்டில் வரும் வலியைக் காதுவலி என்றும் தலைவலி என்றும் பிள்ளை சொல்லும். மெல்லும் தசைகளில் ஒன்று நெற்றிப் பொட்டில் விசிறி போல் விரிந்திருக்கிறது. அந்தத் தசை களைத்துப் போனாலும் தலைவலிதான்.

அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் காஸ்டன், 1934ஆம் ஆண்டில் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களின் காதுத் தொல்லைக்கும் தாடை மூட்டுக்கும் தொடர்பு உண்டு என்றார். தாடையில் இருந்து காதுவலி வரலாம் என்ற அவரது கவனிப்பு நிலைத்தது. பற்கள் சரியாகக் கடிக்காததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற அவரது விளக்கம் பிற்காலத்தில் கைவிடப்பட்டது. மூட்டு வலிக்காகப் பல்லைச் சீவுவதும், நல்ல பல்லைப் பிடுங்குவதும் தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. பல் சீரமைப்புக் கம்பி போடுவதால் இந்தக் கோளாறு வருவதும் இல்லை. கம்பி இதற்கான மருந்தும் இல்லை.

'டக்' என்று சத்தம் கேட்டால்

வாய் திறக்கும்போது மூட்டில் 'டக்' என்ற சத்தம் வருவது பதின்ம வயதில் மிகச் சாதாரணம். நடுவில் இருக்கும் மெத்தைத் தட்டு சற்று முன்னால் நகர்ந்திருக்கும். வாய் திறக்கும்போது உருண்டை அதன் மேல் ஏறுகிறது. அப்போது சத்தம் வருகிறது. வலி இல்லை, வாய் முழுதாகத் திறக்கிறது என்றால் இதற்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. பலருக்கு இது வாழ்நாள் முழுவதும் இப்படியே இருந்துவிடும், சிலருக்கு நின்றுவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும. மாதக்கணக்கில் சத்தம் வந்துகொண்டிருந்தது, ஒருநாள் திடீரென்று சத்தம் நின்றது, அன்றிலிருந்து வாய் பாதிதான் திறக்கிறது என்றால் அது நல்ல செய்தி அல்ல. நகர்ந்த தட்டு மூட்டின் முன்னால் சிக்கிக்கொண்டு, உருண்டையை முன்னேற விடாமல் தடுக்கிறது. இந்த நிலையில் பிள்ளையைச் சில நாட்களுக்குள் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதற்கு நேர்மாறானது, திறந்த வாய் மூட முடியாமல் நின்றுவிடுவது. பெரிய கொட்டாவிக்குப் பிறகு உருண்டை குழியை விட்டு வெளியே வந்து திரும்ப முடியாமல் நிற்கும். பிள்ளை பேச முடியாமல், எச்சில் வடிய, பயந்து போயிருக்கும். மருத்துவர் கட்டைவிரல்களால் கடைவாய்ப் பக்கத்தைக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளுவார். மூட்டு உள்ளே போய்விடும். பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் இந்த முறை இன்றும் அறியப்படுகிறது. வீட்டில் இதை முயலக்கூடாது. கன்னத்தில் தட்டினால் சரியாகும் என்பதும் ஆபத்தான நம்பிக்கை. அவசரப் பிரிவுக்குப் போவதே வழி.

இரவில் பல் கடிக்கும் பிள்ளைகள்

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதால் மெல்லும் தசைகள் களைத்து, காலையில் தாடை வலிக்கும். வயிற்றில் பூச்சி இருப்பதால்தான் பிள்ளை பல் கடிக்கிறது என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. பூச்சி மருந்து கொடுத்தால் பல் கடிப்பது நிற்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பெரும்பாலான சிறு பிள்ளைகளுக்கு வளர வளர இந்தப் பழக்கம் தானாகக் குறைகிறது.

பல் கடிப்பதோடு குறட்டையும், வாயால் மூச்சு விடுவதும் இருந்தால் மூக்கடி சதையோ தொண்டைச் சதையோ வீங்கியிருக்கலாம். அதைக் காட்ட வேண்டும். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் மாணவர்கள் பகலிலேயே பல்லை இறுகக் கடித்தபடி படிப்பதும் உண்டு. வாய் மூடியிருக்கும்போது உதடுகள்தான் சேர்ந்திருக்க வேண்டும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருப்பதே இயல்பு. இதைச் சொல்லிக் கொடுத்தாலே பல மாணவர்களுக்கு வலி குறைகிறது.

மோவாயில் அடிபட்டால்

பிள்ளைகளின் தாடை மூட்டுக்கு வரும் கேடுகளில் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது இதுதான். சைக்கிளில் இருந்து, மோட்டார் சைக்கிளின் பின்இருக்கையில் இருந்து, மாமரத்தில் இருந்து, வழுக்கும் குளியலறையில் என்று பிள்ளைகள் விழும்போது மோவாய் தரையில் மோதுகிறது. மோவாயில் தோல் கிழிந்து ரத்தம் வரும். எல்லோருடைய கண்ணும் அந்தக் காயத்தின் மேலேயே இருக்கும். முன்பு தோட்டத்தில் டிரசர் தையல் போட்டு அனுப்பினார். இன்று கிளினிக்கில் போட்டு அனுப்புகிறார்கள். ஒரு வாரத்தில் புண் ஆறிவிடும்.

ஆனால் மோவாயில் பட்ட அடியின் வேகம் தாடை எலும்பு வழியாக மேலே போய் மூட்டில் இறங்கியிருக்கும். உருண்டையின் கழுத்தோ தலையோ உடைந்திருக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம். உருண்டை நொறுங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கட்டி, நாளடைவில் அது எலும்பாகவே மாறக்கூடும்.

மோவாயில் அடிபட்ட பிள்ளையிடம் பார்க்க வேண்டியவை: காதுக்கு முன்னால் தொட்டால் வலிக்கிறதா? வாய் திறக்கும்போது மோவாய் ஒரு பக்கமாக இழுக்கிறதா? கடைவாய்ப் பற்கள் முன்பு போல் சேர்கின்றனவா? முன்பற்களுக்கு நடுவில் புதிதாக இடைவெளி தெரிகிறதா? காதில் இருந்து ரத்தம் வந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும், தையல் போட்டவரிடம் "தாடை மூட்டையும் பார்க்க வேண்டும்" என்று பெற்றோரே கேட்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்.

சிறு பிள்ளைகளுக்கு இந்த முறிவு பெரும்பாலும் அறுவை இல்லாமலேயே கூடிவிடும். மென்மையான உணவு, சில நாட்கள் ஓய்வு, பிறகு வாய் திறக்கும் பயிற்சி என்பதே வழக்கமான சிகிச்சை. வலிக்கிறதே என்று வாயை அசைக்காமல் வைத்திருந்தால்தான் மூட்டு இறுகுகிறது. அடிபட்ட தாடையை எண்ணெய் போட்டு உருவி விடுவது முறிந்த எலும்பை இன்னும் நகர்த்தும்.

வாய் பூட்டிக்கொண்ட பிள்ளைகள்

கவனிக்கப்படாத மூட்டு முறிவின் கடைசி நிலை, உருண்டையும் மண்டை ஓடும் ஒரே எலும்பாக ஒட்டிக்கொள்வது. கிருமிக்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன்பு, சீழ் வடியும் காது நோய் மூட்டுக்குப் பரவியும் இப்படி ஆனது. இன்று பெரும்பாலும் சிறு வயதில் விழுந்த அடிதான் காரணம். மேலை நாடுகளில் அரிதாகிவிட்ட இந்த நிலையை இந்தியாவின் வாய்-தாடை அறுவை மருத்துவர்கள் இன்னும் பார்க்கிறார்கள்.

இது ஒரே நாளில் வருவதில்லை. அடிபட்ட சில மாதங்களில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். வலி இருக்காது. அதனால் பிள்ளை புகார் சொல்லாது. இட்லியைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளும், பல் துலக்க முடியாமல் சொத்தை பெருகும். மோவாய் வளராததால் நாக்கு பின்னால் தள்ளி மூச்சுக்குழாயை நெருக்கும். இரவில் பெரிய குறட்டையும் மூச்சுத் திணறலும் வரும். தூக்கம் கெட்டு வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைக்குச் சோம்பேறி என்ற பெயரும் கிடைக்கும்.

அறுவை சிகிச்சையால் ஒட்டிய எலும்பை அகற்றி வாயைத் திறக்க வைக்க முடியும். வளரும் பிள்ளையாக இருந்தால் விலா எலும்பின் குருத்தெலும்போடு கூடிய துண்டை எடுத்துப் புதிய மூட்டாக வைக்கும் முறையும் உண்டு. ஆனால் அறுவையோடு வேலை முடிவதில்லை. மாதக்கணக்கில் தினமும் வாய் திறக்கும் பயிற்சி செய்ய வேண்டும். வலிக்கு இரங்கிப் பயிற்சியை நிறுத்தினால் மூட்டு மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

வலி சொல்லாத மூட்டுவாதம்

மூட்டுவாதம் கிழவர்களுக்கு வருவது என்பதும் தவறான எண்ணம். லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1897ஆம் ஆண்டிலேயே சிறுவர்களுக்கு வரும் தனி வகை மூட்டு நோயை விவரித்தார். 16 வயதுக்கு முன் தொடங்கி, 6 வாரம் அல்லது அதற்கு மேல் நீடிக்கும், வேறு காரணம் தெரியாத மூட்டு அழற்சியை இன்று சிறார் மூட்டுவாதம் என்கிறார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குவதால் வரும் நோய் இது.

முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு ஆகியவற்றோடு தாடை மூட்டும் பலருக்குப் பாதிக்கப்படுகிறது. முழங்கால் வீங்கினால் கண்ணுக்குத் தெரியும். தாடை மூட்டு வீக்கம் வெளியே தெரிவதில்லை, பல பிள்ளைகளுக்கு வலியும் இல்லை. முகம் கோணிய பிறகே தெரியவரும். தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் அழற்சி தெரியும். ஆகவே மூட்டுவாதம் உறுதியான பிள்ளைக்கு, வலி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு முறை மருத்துவரிடம் போகும்போதும் வாய் திறக்கும் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இதே நோய் கண்ணையும் சத்தமின்றித் தாக்கக்கூடியது என்பதால் கண் பரிசோதனையும் தவறக்கூடாது. வாரம் ஒரு முறை கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் நோயை அடக்கி மூட்டைக் காக்கின்றன.

பதின்ம வயதுப் பெண்களுக்கு மட்டும் அதிகம் வரும் இன்னொரு கோளாறும் உண்டு. தெளிவான காரணம் இல்லாமல் இரண்டு பக்க உருண்டையும் கரைந்து சிறுக்கும். மோவாய் பின்வாங்கி, முன்பற்கள் சேராமல் இடைவெளி விடும். சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த பக்கவாட்டுப் படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மாற்றம் தெரியும்.

மூட்டுக் கோளாறு போலத் தோன்றுபவை

வாய் திறக்க முடியாத எல்லாமே மூட்டுக் கோளாறு அல்ல. காய்ச்சலும் கன்னத்தில் வீக்கமும் சேர்ந்திருந்தால் பல்லிலோ தொண்டையிலோ சீழ் பிடித்திருக்கலாம்; அன்றே போக வேண்டும். காயம் பட்ட சில நாட்களில் தாடை இறுகினால் அது ரணஜன்னியாக இருக்கலாம்; அது உயிருக்கே ஆபத்து. ஆண்டு 1லும் படிவம் 3லும் பள்ளியில் போடப்படும் தடுப்பூசி இதற்கு எதிரானதும்தான். ஒப்புதல் பாரத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட மறக்கக்கூடாது.

இந்தியச் சமூகத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது கொட்டைப் பாக்கு. பாக்கை மென்றுகொண்டே இருந்தால் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வாய் திறக்காமல் போகும். 1952இல் கென்யாவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களிடம் இது முதன்முதலாகத் தற்கால மருத்துவ ஏட்டில் பதிவானது. காரம் பட்டால் எரிச்சல், உட்கன்னம் வெளுத்துப் போவது ஆகியவை தொடக்க அடையாளங்கள். இது புற்றுநோயாகவும் மாறக்கூடும். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. வீட்டுப் பெரியவர் வெற்றிலைத் தட்டில் இருந்து பேரப்பிள்ளைக்குப் பாக்குத் துண்டு கொடுப்பது அன்பாகத் தோன்றினாலும் அதை நிறுத்த வேண்டும்.

வீட்டில் ஒரு நிமிடச் சோதனை

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் சேர்த்து, நிமிர்த்தி, பிள்ளை தன் வாயில் மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வைக்க வேண்டும். பிள்ளையின் சொந்த விரல்களே அளவு. பெற்றோரின் விரல் அல்ல. மூன்றும் நுழைந்தால் நல்லது. இரண்டுதான் நுழைகிறது என்றால் காட்ட வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைக்கு வாய் பொதுவாக 40 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும்.

அடுத்து, பிள்ளையைக் கண்ணாடி முன் நிறுத்தி மெதுவாக வாயைத் திறக்கச் சொல்லவும். மோவாய் நேராக இறங்க வேண்டும். ஒரு பக்கமாகப் போய் நின்றால் அதுவும் காட்ட வேண்டிய அடையாளமே. பிறந்த நாளுக்கு ஒரு முறை இதைச் செய்து அளவை எழுதி வைத்தால் மாற்றம் தெரிந்துவிடும்.

சிகிச்சை என்ன?

தசை வலிக்கும் சாதாரண மூட்டு வலிக்கும் எளிய சிகிச்சைதான் முதலில். இரண்டு, மூன்று வாரம் தாடைக்கு ஓய்வு வேண்டும். சோறு, கஞ்சி, இடியாப்பம், அவித்த காய்கறி போதும். முறுக்கு, கரும்பு, சுவிங்கம், புந்தோங் கச்சாங் பூத்தே, மேங்லெம்பு வேர்க்கடலை எல்லாம் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். நகம் கடிப்பது, பேனா மூடியை மெல்லுவது, மோவாயைக் கையில் ஊன்றிக் கைத்தொலைபேசி பார்ப்பது ஆகியவற்றை நிறுத்த வேண்டும். கன்னத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். வலிக்குப் பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமோல் போதும். சிறுவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது.

பற்களுக்கு மேல் போடும் பிளாஸ்டிக் தகடு சிலருக்கு உதவும். ஆனால் பல் முளைத்துக்கொண்டும் தாடை வளர்ந்துகொண்டும் இருக்கும் வயதில் அதை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே போட வேண்டும். கடையிலோ இணையத்திலோ வாங்கிப் போடுவது தவறு. பெரியவர்களுக்கென 2014இல் வந்த பன்னாட்டுப் பரிசோதனை முறை, பின்னர் 6 முதல் 9 வயதுக்கும் 10 முதல் 19 வயதுக்கும் ஏற்றபடி தனித்தனியே மாற்றி அமைக்கப்பட்டதே, பிள்ளையின் தாடையைப் பெரியவரின் தாடையாக நினைத்துப் பார்க்கக்கூடாது என்பதால்தான்.

எங்கே காட்டுவது?

சிலிபின், புந்தோங், மேங்லெம்பு வட்டாரத்தில் இருப்பவர்கள் அருகில் உள்ள அரசு பல் மருத்துவக் கிளினிக்கிலேயே தொடங்கலாம். பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கிய நாளில் இருந்து பள்ளிப் பல் சேவையின் முதல் வேலை சொத்தைப் பல்லைக் கவனிப்பது. நூறு பிள்ளைகளைப் பார்க்கும் அவசரத்தில் தாடை மூட்டு கண்ணில் படாமல் போகலாம். "வாய் திறக்கச் சிரமப்படுகிறாள்", "போன வருடம் மோவாயில் அடிபட்டது" என்று ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினால் அவர்கள் கவனிப்பார்கள்.

மேல் சிகிச்சை தேவைப்பட்டால் அங்கிருந்தே பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். ஈப்போவில் 'பெரிய ஆஸ்பத்திரி' என்று அழைக்கப்படும் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் வாய்-தாடை அறுவை சிகிச்சைப் பிரிவு உண்டு. சிறார் மூட்டுவாதத்துக்குச் செலாயாங் மருத்துவமனை நீண்ட காலமாக அறியப்பட்ட இடம். தோட்டப்புறத்தில் இருந்து வருபவர்கள் பழைய எக்ஸ்ரே படத்தையும், எப்போது விழுந்தது, எப்போது தையல் போட்டது என்ற தேதியையும் கொண்டு வந்தால் ஒரு பயணம் மிச்சமாகும்.

வாய் திறந்தபடி பூட்டிக்கொண்டால், காயத்துக்குப் பின் தாடை இறுகினால், காய்ச்சலோடு வீங்கினால் அன்றே அவசரப் பிரிவு. மோவாயில் அடிபட்டு வாய் ஒரு பக்கம் இழுத்தால் அன்றோ மறுநாளோ. மூன்று விரல் நுழையாவிட்டால், முகம் ஒரு பக்கம் சாய்வது போலத் தெரிந்தால், காலையில் தாடை இறுகி நேரம் போகப் போகத் தளர்ந்தால் அந்த வாரத்துக்குள். வெறும் 'டக்' சத்தம் மட்டும் என்றால், அடுத்த முறை பல் மருத்துவரைப் பார்க்கும்போது சொன்னால் போதும்.